முரளி, முதலில் அந்தப் பையை அவிழ்த்துப் போடு

கோவை
ஆடி 6

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மீதியைச் சாந்தி போனில் சொல்லியிருப்பாள்.

நான் உட்கார்ந்து எழுதுவது உன் கடைசி வரிக்காக. ரகுவிடம் டவுன் ஸ்லீப்பிங் பேக், அதாவது பறவைத் தூவி அடைத்த தூக்கப் பை, வாங்கினேன், உறையோடு பீரோ மேல் கிடக்கிறது, அக்டோபரில் சிக்கிம் மலையில் கோயேச்சாலா கணவாய்க்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவேன் என்கிறாய். ரகுவின் சாமானா! அந்த ஸ்டவ்வுக்குப் பிறகும் உனக்குப் புத்தி வரவில்லையேடா. நான்கு வருஷம் அவன் வீட்டுப் பரணில் சுருண்டு கிடந்தது, இப்போது உன் பீரோ மேல் சுருண்டு கிடக்கிறது. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போ. அதை உருவிக் கட்டிலில் விரித்துவிட்டு வந்து மீதியைப் படி.

அதற்குள் இருப்பது வாத்தின் தூவி. தண்டுள்ள இறகு வேறு, இது வேறு. நடுவில் தண்டே கிடையாது, பஞ்சுப் பூ மாதிரி நாலா பக்கமும் இழை விரிந்திருக்கும். ராணிகளின் கட்டிலுக்கு அன்னத்தூவி மெத்தை என்று பழம்பாட்டில் படித்தோமே, அந்தத் தூவிதான். எவரெஸ்டுக்கு 1922இல் போன ஜார்ஜ் ஃபின்ச் பலூன் துணிக்குள் இதை அடைத்துக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டார். தூவிக்கென்று தனியாகச் சூடு எதுவும் இல்லை. இழைகளுக்கு நடுவே காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது, உன் உடம்புச் சூடு அந்தக் காற்றில் தங்குகிறது. ‘800 ஃபில் பவர்’ என்று பையில் போட்டிருந்தால், ஒரு அவுன்ஸ் தூவி உப்பி 800 கன அங்குல இடத்தை அடைக்கும் என்று பொருள். வருஷக்கணக்கில் நசுங்கிய தூவி அந்த அளவுக்கு எழும்பாது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உப்பாத பையில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால், மைனஸ் 10 டிகிரிக் குளிர்வரை தாங்கும் என்று ரகு சொன்னது எங்கிருந்து வரும்?

ஒரு ராத்திரி விரித்தபடி விடு. காலையில் பையின் தையல்களுக்கு நடுவே தூவி இருக்கும் ஒவ்வொரு அறையாக விரலால் தடவிப் பார். குருணை மாதிரிக் கட்டிகள் தட்டுப்பட்டாலோ, கழுத்துப் பக்கம் கறுத்து வாடை அடித்தாலோ துவைத்தே ஆக வேண்டும். ரகுவின் தலை எண்ணெயை நினைத்தால் துவைக்காமல் தப்ப முடியாது என்றுதான் தோன்றுகிறது.

துவைப்பதற்கு முன்பே பையைத் தராசில் போட்டு எடையைக் கிராம் கணக்கில் குறித்து வை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சர்ஃப், கம்ஃபர்ட் இரண்டும் வேண்டாம். சாதாரண சோப்புத்தூள் தூவியின் இயற்கை எண்ணெயை உரித்துவிடும். அப்புறம் அது முறுகிப்போய் உப்பவே உப்பாது. டவுனுக்கென்றே திரவ சோப்பு வருகிறது, மலையேற்றச் சாமான் கடையில் கேள். அளவு புட்டியிலேயே இருக்கும், கூடப் போடாதே, அலசி முடியாது. டிரை கிளீனிங்குக்கும் கொடுக்காதே. உங்கள் வீட்டு மெஷினில் நடுவில் கம்பம் சுழல்கிறதே, அது உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புத் துணிகளைக் கிழித்துவிடும். முன்பக்கம் திறக்கும் பெரிய மெஷின் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பெரிய டப் போதும். ஜிப்பைப் பூட்டி, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, உள்ளங்கையால் மாவு அமுக்குவதுபோல அமுக்கு. முறுக்காதே. நுரை வருவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசு, மூன்று தடவையாவது ஆகும்.

முரளி, இதுதான் முக்கியம். நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிடாதே. தண்ணீர் குடித்த தூவி அத்தனையும் ஒரு பக்கம் சரிந்து, அந்தப் பாரத்தில் தடுப்புகள் அறுந்துபோகும். அறுந்தால் வீட்டில் தைக்க வழியில்லை. முதலில் டப்பிலேயே அமுக்கித் தண்ணீரை வடி. பிறகு குளித்த குழந்தையை வாரி எடுப்பதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாகத் தூக்கு.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஆடிக் காற்று இருக்கும்போதே செய்துவிடு, ஐப்பசி மழை பிடித்தால் சென்னையில் ஒன்றும் காயாது. கயிற்றுக் கட்டிலில் நிழலாகப் பார்த்துப் பரப்பு. கடும் வெயில் நைலானை நாளடைவில் இற்றுப்போகச் செய்யும். மணிக்கொரு தரம் புரட்டி, கட்டிகளை விரலால் உதிர்த்துக்கொண்டே இரு. மூன்று நாள்கூட ஆகலாம். சலவைக்கடையில் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் மூன்று டென்னிஸ் பந்துகளைக் கூடப் போட்டுச் சுற்றவிடு. பந்துகள் அடித்து அடித்துக் கட்டிகளைப் பிரிக்கும். அதற்கும் பல மணி நேரம் பிடிக்கும். சூட்டைக் கூட்டினால் நைலான் உருகும்.

வெளித்துணி ஒரே நாளில் காய்ந்து உன்னை ஏமாற்றும். அதற்குத்தான் எடை. மறுபடி நிறுத்துப் பார்த்தால் முன்பைவிடச் சற்றுக் குறைந்திருக்க வேண்டும், அழுக்கு போயிருக்கிறதே. கூடியிருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் நிற்கிறது. அப்படியே மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து நாறும்.

காய்ந்த பிறகு பழைய உறைப் பக்கமே போகாதே. உன் பழைய வேட்டியில் பெரிய பையாகத் தைத்து, தளரப் போட்டு, பீரோவில் தொங்கவிடு. பாச்சை உருண்டை வைக்காதே, அந்த நாற்றம் கோயேச்சாலா வரை கூடவே வரும்.

இனி மலை. நடை தொடங்கும் யுக்சமிலிருந்து சோக்கா வரை அடர்ந்த ஈரக்காடு, மழை எப்போது வேண்டுமானாலும் வரும். சுமை யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த ஜோ மாட்டின் முதுகில் போனாலும் சரி, உன் தோளில் போனாலும் சரி, ராத்திரி சுழியத்துக்குக் கீழே போகும் மேல் முகாம்களான தான்சிங்குக்கும் லமுனேவுக்கும் இந்தப் பை காய்ந்தபடி போய்ச் சேர வேண்டும். நனைந்த தூவி கஞ்சியாகிவிடும், அந்தக் குளிரில் காயவும் காயாது. முதுகில் மாட்டும் ரக்சாக்குக்குப் போடும் மழை உறையை நம்பாதே. முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். ரக்சாக்குக்கு உள்ளே கனமான பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்குள் வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத டிரை பேக். வாயை மூன்று சுற்றாவது சுருட்டிய பிறகே கொக்கியைப் போடு.

மடிக்காதே, பாய் மாதிரிச் சுருட்டாதே. தினமும் ஒரே மடிப்பு விழுந்தால் துணியும் தூவியும் அந்த இடத்திலேயே நொந்துபோகும். கால் பக்கத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் திணி, காற்று தலைப்பக்கத்து வாய் வழியே வெளியேறட்டும். வார் இழுத்துக் கல்லாக்காதே. கொஞ்சம் தளர விட்டு ரக்சாக்கின் அடியில் போட்டால் மூலை முடுக்கெல்லாம் தானே நிரம்பும்.

கூடாரம் போட்டதும் முதல் வேலை பையை உதறி விரிப்பது. உப்ப ஒரு மணி நேரமாவது கொடு. காலையில் எழுந்த சூட்டோடு அதை அமுக்கி உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியேற்று, பிறகு ஜிப்பைத் திறந்து புரட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போ. ராத்திரி முழுக்க உன் உடம்பு விட்ட ஆவி அதில் தங்கியிருக்கும். தினம் கொஞ்சமாகச் சேர்ந்தே ஐந்தாம் நாள் பை கனத்துச் சப்பையாகும். அதனால் குளிருகிறதென்று தலையை உள்ளே இழுத்து மூச்சு விடாதே. மூக்கு வெளியே இருக்கட்டும், தலைக்குக் குல்லா. ஈர சாக்ஸைப் பைக்குள் காயவைக்கும் உன் பழைய பழக்கமும் வேண்டாம்.

ரகுவின் மைனஸ் 10 எந்தக் கணக்கு என்று லேபிளைப் பார். தூக்கப் பைகளுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 23537 லேபிளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று மூன்று எண் இருக்கும். நீ பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும், அதுதான் நடுங்காமல் தூங்கும் கணக்கு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் கணக்கு, தூங்கும் கணக்கு அல்ல. உனக்கு அடியில் நசுங்கும் தூவியால் பயனில்லை, தரைக்குளிரைத் தடுப்பது பாய்தான். குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்ணான ஆர் வேல்யூ 4க்குக் குறையாத பாயாகப் பார்.

துணி வழியே தூவி எட்டிப் பார்த்தால் பிடுங்காதே, பின்னாலேயே ஒன்பது வரும். மறுபக்கத்திலிருந்து கிள்ளி உள்ளே இழுத்துவிடு.

துவைக்கும் முன் எடை, காய்ந்த பின் எடை, லேபிளில் உள்ள மூன்று எண். இவற்றை எழுதி அனுப்பு. கம்ஃபர்ட் மைனஸ் 5க்கு மேலே, அதாவது சுழியத்தின் பக்கமாக, இருந்தால் டிக்கெட் போடும் முன் சொல், என்னுடையதை பஸ் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். வேட்டிப் பையோடு திருப்பிக் கொடுத்தால் போதும்.

உன்
சேகர்