நேர்ல வந்து வாங்கிக்கோ, கண்ணு

சென்னிமலை,
ஞாயித்துக்கெழமை

அம்மிணி,

அப்பா எழுதறேன். போன வாரம் போன்ல, "லீவு கெடைக்காதுப்பா, பட்டமளிப்பு விழாவுக்கு வரல, டாக்டர் பட்டத்தைத் தபால்லயே அனுப்பச் சொல்லிட்டேன்"னு சொன்னே. அப்பச் சரின்னுட்டேன். போனை வெச்சதுக்குப் பொறவு மனசு கேக்கல. தறியில உக்காந்தாலும் அதே நெனப்பு. பேசுனா உன்னைத் திட்டற மாதிரி ஆயிரும்னுதான் கடுதாசி போடறேன்.

தபால்ல வந்தாலும் அதே பட்டந்தான், மதிப்புல ஒன்னும் கொறையாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ வரோணும்.

ஒரத்துப்பாளையம் அணையை 1992ல கட்டுனப்ப, இனி நம்ம பக்கம் வெள்ளாமைக்குத் தண்ணிக்குக் கவலையில்லைன்னு சனங்க சந்தோசப்பட்டாங்க. ஆனா நொய்யல் ஆத்துல வந்து தேங்குனதெல்லாம் திருப்பூர்ச் சாயத்தண்ணி. கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சு, மாடு வாய் வெக்கல. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப நீ பத்தாவது. பேப்பரைப் படிச்சுப்போட்டு, "கரைஞ்ச உப்பைத் தண்ணியிலிருந்து எப்பிடிப்பா பிரிப்பாங்க?"ன்னு கேட்டே. எனக்குப் பதில் தெரியல. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டுத்தான் நீ பாரதியார் பல்கலைக்கழகம் வரைக்கும் போனே. லீவுல வந்தா உன்னை எக்செல் வண்டியில ஏத்திக்கிட்டு அணைக்குப் போவேன். நீ கரையோரம் எறங்கித் தண்ணி மொண்டுக்குவே. ஒவ்வொரு பாட்டல்லயும் தேதி எழுதி ஒட்டுவே. அந்தப் பாட்டல் பையை மடியில வெச்சுக்கிட்டு, ஒடைஞ்சிருமோன்னு பயந்துக்கிட்டே வருவே. ஆறு வருசம், கண்ணு.

உங்கிட்டச் சொல்லாத விசயம் ஒன்னு இருக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒருத்தர் ஊட்டுக்கு வந்தாரு. கையில போட்டோ ஆல்பம். "நெசவாளிகளுக்கு இத்தனை வருசம் ஒழைச்சிருக்கீங்க, உங்களுக்குக் கவுரவ டாக்டர் பட்டம் குடுக்கறோம்"னாரு. நாப்பதாயிரம் கட்டோணுமாம். அங்கி, தொப்பி எல்லாம் அவங்களே குடுப்பாங்களாம். கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமாம்.

அன்னைக்குக் காலையிலதான் நீ, ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிட்டாங்கன்னு போன்ல அழுதே. அந்த அழுகை காதுல இருக்கறப்ப இந்த மனுசன் பட்டத்துக்கு வெலை சொல்றாரு. மோர் குடுத்து, "வேண்டாமுங்க"ன்னு அனுப்பி வெச்சேன். கை நடுங்குச்சு. சட்டப்படி அமைஞ்ச பல்கலைக்கழகந்தான் பட்டம் குடுக்கலாம்னு 1956ஆம் வருசத்து யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டமே சொல்லுதுன்னு பொறவு நூலகத்துல படிச்சேன்.

மெய்யான கவுரவப் பட்டத்தை நான் கொறைச்சுச் சொல்லல. நம்ம கோயமுத்தூரு விவசாயக் கல்லூரியில படிச்ச எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு எண்பதுக்கு மேல கவுரவ டாக்டர் பட்டம் வந்துச்சு. உலகம் அவரு செஞ்ச வேலையைப் பாத்துத் தேடி வந்து குடுத்தது அது. அவரு கேம்பிரிட்ஜ்ல தானாப் படிச்சு வாங்குன டாக்டர் பட்டம் ஒன்னே ஒன்னு, 1952ல. உன்னுது அந்த வகை. அதை வாங்கறதுக்கு நீ மேடை ஏறாம, தபால்காரர் வாசல்ல நின்னு கையெழுத்து வாங்கிட்டுப் போகோணுமா?

பட்டமளிப்பு விழா சடங்குதான், ஒத்துக்கறேன். முந்தின நாள் ஒத்திகை, மணிக்கணக்கா ஒக்காந்திருக்கறது, வேந்தர்ங்கற மொறையில கவர்னர் வர்றது, உறுதிமொழி எடுக்கறது. ஆனா ஒரு ஊரே பாக்க உன் பேரைச் சொல்லிக் கூப்புடறது வேற எங்க நடக்கும்? நம்ம வம்சத்துல பேரு சொல்லிக் கூப்புட்டதெல்லாம் நூலுக்கும் கூலிக்குந்தான்.

இன்னொன்னு. விழாவுக்குக் கைத்தறித் துணியில அங்கி தைக்கச் சொல்லி 2019ல யுஜிசி எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதுச்சு. அன்னைக்கே உங்கம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். நீ போட்டுக்கற அங்கி எந்தத் துணியோ, நான் கேக்கல. எந்தத் தறியில நெய்ஞ்சதா இருந்தாலும் அதுக்கும் ஒரு புள்ளை நூலைத் தார்க்குச்சியில சுத்திக் குடுத்திருக்கும். நீ பள்ளிக்கோடம் உட்டு வந்து, மொகங்கூடக் கழுவாம ராட்டைகிட்ட உக்காந்து சுத்துன மாதிரி.

மேனேஜருகிட்ட இன்னொருக்காக் கேளு. ரெண்டு நாள் போதும். வெள்ளிக்கெழமை ராத்திரி ஏறுனா காலையில ஈரோட்டுல எறங்கிக்கலாம், நான் ஸ்டேசனுக்கு வந்தர்றேன். நேர்ல வாங்கறேன்னு மாத்தி எழுதிக் குடுக்கறதுக்குக் கடைசித் தேதி என்னன்னும் பாத்துச் சொல்லு.

உள்ள உட ரெண்டு பேருக்குத்தான் சீட்டு தருவாங்கன்னா, உங்கம்மாவும் அப்பத்தாவும் போகட்டும். அப்பத்தாவுக்குக் காது கேக்காது, உன்னை மேடையில கண்ணால பாக்கோணும். நான் வெளிய மரத்தடியில நின்னுக்கறேன். ஒலிபெருக்கியில பேரைச் சொல்லுவாங்கல்ல, அது எனக்குக் கேக்கும்.

அன்புடன்,
அப்பா