வீட்டில் கிடக்கும் துப்பாக்கியை ஒப்படைப்பவர்களுக்கு வரிச் சலுகை கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 600 011.

பெறுநர்:
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

பொருள்: துப்பாக்கியைத் தாமாக முன்வந்து நிரந்தரமாக ஒப்படைக்கும் உரிமதாரர்களுக்கும் வாரிசுகளுக்கும் சொத்து வரி, தொழில் வரியில் சலுகை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வந்தவாசிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. காட்டுப்பன்றி இறங்கி மல்லாட்டை (நிலக்கடலை)ச் செடியைத் தோண்டிப் போட்டுவிடும் என்பதால், என் அப்பா பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கி இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். நிலத்தை விற்றுவிட்டு அவர் என்னோடு பெரம்பூருக்கு வந்தபோது துப்பாக்கியும் கூடவே வந்தது. பழைய வேட்டியில் சுற்றி, பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். அன்றைக்கு முழுக்க அந்த அறையில் அந்த வாசனை இருக்கும்.

அவர் காலமாகி, காரியத்துக்கு உறவுக்காரர்கள் எல்லாம் வந்திருந்த நாளில், என் ஏழு வயதுப் பேரன் பீரோவைத் திறந்து அந்த வேட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். குழலில் தோட்டா இல்லை. ஆனால் தோட்டா டப்பா அதே தட்டில், அவன் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. சாவி பீரோவிலேயே தொங்கிக்கொண்டிருந்ததற்கு யாரைக் குறை சொல்வது? அன்று ராத்திரியே இதை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ய ஒரு ராத்திரிதான் ஆனது. ஒப்படைக்க ஐந்து மாதம் ஆயிற்று.

உரிமதாரர் இறந்துவிட்டால், ஆயுதத்தைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். ‘இது மாவட்டக் கலெக்டர் கொடுத்த லைசென்ஸ், அங்கேயே போய்க் கேளுங்கம்மா’ என்றார்கள். அங்கே போனால், ‘நீங்கள் இருப்பது சென்னையில், சென்னைக்கு போலீஸ் கமிஷனர்தானே’ என்றார்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், அதற்கப்புறம் வாரிசுச் சான்றிதழ், அதற்கப்புறம் என் தம்பியின் சம்மதக் கடிதம். நடுவில் ஒரு துப்பாக்கிக் கடையில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன விலை நான் அலைந்த பஸ், ஆட்டோ செலவுக்குக்கூடக் காணாது. பல முறை ‘பீரோவிலேயே கிடக்கட்டும், பூட்டிவிட்டால் போதும்’ என்று தோன்றியது. என்னைப் போலப் பலருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மனுவை எழுதுவதற்கு அதுதான் காரணம். வைத்துக்கொள்வது சுலபமாகவும் கொடுப்பது கஷ்டமாகவும் இருக்கிறது. கொடுத்தவருக்குக் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு ரசீது மட்டும்தான்.

2019ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தில், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். வாரிசாக வருவதற்கும் அதே வரம்புதான். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆனால் அந்த வரம்புக்கு உட்பட்டு, உபயோகம் இல்லாமல் வீட்டில் சும்மா கிடக்கும் ஒன்றையோ இரண்டையோ ஒருவர் விரும்பிக் கொடுக்க முன்வந்தால், அவரை ‘வாருங்கள்’ என்று கூப்பிட எந்த ஏற்பாடும் இல்லை.

வரியைக் கொண்டு இதைச் செய்யலாம் என்பது நானாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, ராணுவ பாணித் துப்பாக்கிகளை ஒப்படைப்பவர்களுக்கு 2,000 டாலர் வருமான வரிச் சலுகை தர வேண்டும் என்று ரோசா டெலாரோ என்ற உறுப்பினர் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆஸ்திரேலியாவில் அது வேறு விதத்தில் நிறைவேறியது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, அரசே பணம் கொடுத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து வாங்கி அழித்தது. அந்தப் பணத்துக்காக, மருத்துவத்துக்கென வசூலிக்கும் மெடிகேர் வரியை ஒரே ஓர் ஆண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாக உயர்த்தினார்கள். துப்பாக்கி வைத்திராதவர்களும் சேர்ந்துதான் அதைக் கட்டினார்கள். நம் ஊரில் துப்பாக்கி அவ்வளவு பரவலாக இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனாலேயே இங்கே இதற்கு ஆகும் செலவும் குறைவு.

வருமான வரி மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஆனால் சொத்து வரியும் தொழில் வரியும் நம்மிடமே இருக்கின்றன. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே சொத்து வரி கட்டினால், சென்னை மாநகராட்சி 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை தருகிறது. ஏப்ரல் மாதத்தில் எங்கள் தெருவில் அதற்காகவே அவசரப்பட்டு வரி கட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். ஐந்நூறு ரூபாய் மிச்சமாகிறது என்றாலும் ஜனங்கள் அசைகிறார்கள். அதே வழியில், உரிமம் உள்ள ஒரு துப்பாக்கியை நிரந்தரமாக ஒப்படைக்கும் குடும்பத்துக்கு ஓர் அரையாண்டுச் சொத்து வரியில் 5,000 ரூபாய் வரை கழித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்களில் சம்பளக்காரர்கள் ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை தொழில் வரி கட்டுகிறார்கள்; அதை இரண்டு ஆண்டுக்குத் தள்ளுபடி செய்தால் கணக்கு சரியாகிவிடும். காவல் துறை, நகராட்சி நிர்வாகத் துறை இரண்டும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் என்பதால்தான் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

சலுகையை வாங்கிக்கொண்டு புதுத் துப்பாக்கி வாங்கிவிடுவார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சலுகை பெற்றவர் பத்து ஆண்டுகளுக்குப் புதிய உரிமம் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஒப்படைத்ததை ஏலம் விடாமல் அழித்துவிட வேண்டும். மிகப் பழையதாக, வரலாற்று மதிப்புள்ளதாக இருந்தால், தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

இதற்கு ஏற்ற சமயமும் தானாகவே வருகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமதாரர்களைத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். ஒருமுறை அப்பாவோடு நானும் போனேன். எழுபத்தெட்டு வயதில் அதைத் திரும்ப வாங்குவதற்காக வரிசையில் நின்றார். ‘இது இனிமேல் உங்களுக்கு வேண்டுமா ஐயா, இல்லை இங்கேயே விட்டுவிடுகிறீர்களா? விட்டால் இந்த அரையாண்டு வீட்டு வரியில் இவ்வளவு குறையும்’ என்று யாராவது அவரிடம் கேட்டிருந்தால், அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பார். யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை, அதற்குரிய ஒரே பக்கப் படிவத்தோடு, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேட்க உத்தரவிட வேண்டும். வாரிசுகளாக இருந்தால், உரிமம் எந்த மாவட்டத்தினுடையது என்று பார்க்காமல், குடியிருக்கும் இடத்துக் காவல் நிலையமே வாங்கிக்கொண்டு, மற்ற கடிதப் போக்குவரத்தைத் துறைக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

மலை கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் இருக்கின்றன. கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு கிடையாது என்று காவல் துறையே அறிவித்துப் பல இடங்களில் வாங்கியிருக்கிறது. அவர்களுக்கு வரிச் சலுகையைவிட அந்த உறுதிமொழிதான் பெரிது. அது தொடர்ந்தால் போதும்.

முதலில் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஓராண்டுக்குச் சோதனை முறையில் இதைச் செயல்படுத்தவும், வருமான வரியிலும் இதேபோல் ஒரு கழிவு தர மத்திய நிதி அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்பவும் பணிவோடு வேண்டுகிறேன். இந்த மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அப்பாவின் உரிமப் புத்தக நகல், ஒப்படைப்பு ரசீது நகல்.