சிகாகோவிலிருந்து கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் உன் எழுத்து பழையபடி குண்டு குண்டாகவே இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. பேத்தி முடியைக் கத்தரித்துக்கொண்டதற்கு உன் மருமகள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். 1920களில் அமெரிக்கப் பெண்கள் செய்ததும் இதுதானே, ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்த அந்த ‘ஜாஸ் யுகம்’ என்றால் இவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறாய். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியுமா?

குட்டை முடி, முழங்காலுக்கு ஏறிய பாவாடை, பொது இடத்தில் சிகரெட் எல்லாம் உண்மைதான். 1920 ஆகஸ்டில் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமையும் வந்தது (தெற்கில் கறுப்பினப் பெண்களை அதன் பிறகும் வாக்குச்சாவடிப் பக்கம் அண்டவிடவில்லை என்பது வேறு கதை). ஆனால் புகைப்படங்களில் எல்லாம் ஆடிய பெண்களே நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தவர் வாசித்த பெண், ஜாஸ் பியானோக் கலைஞர் லில் ஹார்டின்.

தெற்கே மெம்ஃபிஸ் நகரத்தில் பிறந்த கறுப்பினப் பெண். இங்கே தெற்கு ஸ்டேட் தெருவில் ஓர் இசைக்கடையில் வாரம் 3 டாலர் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். இசைக்குறிப்புத் தாள் வாங்க வருகிறவர்களுக்குப் பாட்டைப் பியானோவில் வாசித்துக் காட்டுவதுதான் வேலை. முறையாகப் பாடம் கற்றவர். ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு வகை என்றாலே அவருடைய அம்மாவுக்கு ஆகாது. தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு ஜாஸ் குழுவுடன் முதல்முறை உட்கார்ந்தபோது எந்தச் சுருதி என்று கேட்டாராம். இரண்டு தட்டு கேட்டதும் ஆரம்பித்துவிடு என்றார்களாம்! நம் பாட்டு டீச்சர் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

இப்படித் தெற்கிலிருந்த கறுப்பின மக்களெல்லாம் ஏன் சிகாகோவுக்கு வந்தார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. முதல் உலகப் போரால் ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவது நின்றுபோனது. இறைச்சித் தொழிற்சாலைகளுக்கும் எஃகு ஆலைகளுக்கும் கைகள் வேண்டியிருந்தன. தெற்கில் பருத்திக்காட்டுக் கடனும், வெள்ளையர்கள் கும்பலாகச் சேர்ந்து கறுப்பினத்தவரை அடித்துக் கொல்லும் வழக்கமும். 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகை வடக்கே வாருங்கள் என்று எழுதியது. ரயில் பணியாளர்கள் அதைத் தெற்கு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 1910இல் சுமார் 44,000 ஆக இருந்த இந்நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை 1930இல் 2,30,000ஐத் தாண்டிவிட்டது. வந்த இடத்திலும் வரவேற்பில்லை. 1919 ஜூலையில் ஏரியில் மிதந்துகொண்டிருந்த ஒரு கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் பகுதிக்கான, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று கல்லெறிந்தார்கள். அவன் மூழ்கிப்போனான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள்.

அந்த நகரத்துக்குத்தான் 1922இல், அம்மா கட்டிக்கொடுத்த மீன் சாண்ட்விச்சுடன், பின்னால் ஜாஸின் பெரும் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் ரயிலில் வந்து இறங்கினார். அவரைக் கூப்பிட்டிருந்த ஜாஸ் குழுத் தலைவர் கிங் ஆலிவரின் குழுவில் லில்தான் பியானோ. 1923 ஏப்ரலில் இவர்கள் இசைத்தட்டுப் பதிவுக்காக இண்டியானாவின் ரிச்மண்ட் ஊருக்குப் போனார்கள். ஒரு பியானோ தொழிற்சாலைக்குள் இருந்த பதிவுக்கூடம். பக்கத்திலேயே தண்டவாளம், ரயில் வந்தால் வாசிப்பை நிறுத்த வேண்டும். மைக் கிடையாது, ஒரு புனலைப் பார்த்து வாசிக்க வேண்டும். லூயியின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) மற்ற எல்லாரையும் அமுக்கிவிட்டதால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள். அந்த ஊரிலும் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொடிகட்டிப் பறந்த காலம் அது.

மறு ஆண்டு லில்லும் லூயியும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆலிவரின் நிழலில் இரண்டாம் ஆளாக இருந்தது போதும் என்று லூயியைக் கிளப்பிவிட்டவர் லில்தான். லூயி நியூயார்க் போய் வாசித்த ரோஸ்லேண்ட் நடனக்கூடத்தில் ஆட வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. இந்த யுகத்தைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான் கோமதி. இசை வேண்டியிருந்தது, வாசித்தவர்களோடு சேர்ந்து ஆட மனமில்லை.

அந்தக் காலத்து அமெரிக்க மதுவிலக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். தயாரிப்பது, விற்பது, கடத்துவது குற்றம், குடிப்பது குற்றமில்லை. டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கி மருந்துக்கடையிலேயே கிடைக்கும். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியபோது, அமெரிக்கா இதைக் கைகழுவி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

35ஆம் தெருவில் சன்செட் கஃபே இருந்த கட்டடத்தை மகன் காட்டினான். லூயி வாசித்த இடம்; கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே உட்கார்ந்த அபூர்வமான இடம். பிற்பாடு பல ஆண்டுகள் அது ஹார்டுவேர் கடையாக இருந்ததாம். லில் வேலை பார்த்த கடையைத் தேடுவதில் பலனில்லை என்றான். அவருக்கும் லூயிக்கும் 1938இல் விவாகரத்து ஆனது. 1971 ஜூலையில் லூயி இறந்தார். அடுத்த மாதம் இதே ஊரில் அவருக்கான நினைவுக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோதே லில்லும் சாய்ந்து உயிர் விட்டார்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்கால் வலி இரவில் அதிகம். பொங்கலுக்குள் வந்துவிடுவேன். மாடியில் குடியிருப்பவர் தண்ணீர் வரி கட்டினாரா என்று ஒரு வார்த்தை விசாரித்து எழுது. போனில் கேட்டால் மழுப்புகிறார்.

அன்புடன்,
சரோஜா