தாளில்லாமல் பேசியவர்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. போன வருடம் பாதிப் பிள்ளைகள் நீங்கள் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நடுவில் ஒரு வரி மறந்துபோய், மறுபடி ‘அவையோருக்கு வணக்கம்’ என்று முதலிலிருந்து தொடங்கினான். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

இன்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஹென்றி ஃபாசெட்டைப் பற்றிச் சொன்னேன். 1858 செப்டம்பரில், இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே அப்பாவோடு கவுதாரி வேட்டைக்குப் போனவர். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்த நேரம். மகன் நிற்பதைக் கவனிக்காமல் சுட்டுவிட்டார். ரவைகள் மூக்குக்கண்ணாடியைத் துளைத்து இரண்டு கண்களிலும் பாய்ந்தன. பார்வை முழுவதும் போய்விட்டது. அப்போது ஃபாசெட்டுக்கு வயது 25. அப்பா குற்ற உணர்வில் நொறுங்கிவிடக் கூடாதே என்று, ஒன்றும் நடக்காதது போலவே நடந்துகொண்டாராம். குதிரையேற்றம், மீன்பிடிப்பு, பனிச்சறுக்கு எதையும் விடவில்லை.

1863இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர். தேர்தலில் தோற்றுத் தோற்று, 1865இல் பிரைட்டன் தொகுதியில் வென்றார். நாடாளுமன்றத்தில் அவர் பேச எடுத்துக்கொண்டது இந்தியாவின் வரவு செலவு. அது காது கொடுத்துக் கேட்க ஆளில்லாத விஷயம். 1867இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் நடனவிருந்து வைத்துவிட்டு, செலவை இந்தியாவின் தலையில் கட்டியபோது எழுந்து எதிர்த்தார். ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்றே அவருக்குப் பெயர் வந்தது. இந்தியாவில் இருந்தவர்கள் அவருடைய தேர்தல் செலவுக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள்.

குறிப்புச் சீட்டு அவருக்குப் பயன்படாது. மனைவி மில்லிசென்ட்டும் உதவியாளரும் அறிக்கைகளைப் படித்துக் காட்டுவார்கள், கணக்கெல்லாம் மனதில்தான். விஷயம் புரியாமல் எண்களை அப்படி நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

1880இல் அஞ்சல் துறைத் தலைவரானார். ஒரு பென்னி தபால்தலைகள் பன்னிரண்டை அட்டையில் ஒட்டினால் ஒரு ஷில்லிங் சேமிப்பு என்ற திட்டம் அவர் காலத்தில் வந்ததுதான். பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது!

சரி, போட்டிக்கு வருகிறேன். இம்முறை மேடையில் தாள் கிடையாது. தயவுசெய்து பேச்சை எழுதிக்கொடுக்காதீர்கள். தலைப்பையொட்டி ஏதாவது படித்துக் காட்டுங்கள், கேள்வி கேட்கவிடுங்கள். மூன்று நிமிடம் கேட்டிருக்கிறோம். ஒரு நிமிடம் பேசினாலும் போதும். நடுவில் திணறினால் மதிப்பெண் குறைக்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்