மனச்சோர்வு மாத்திரை பாதியில் நின்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வு வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்ல இன்று பலர் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவருக்கு மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறதா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை போட்ட அன்றே வேலை செய்யும் மாத்திரைகள் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு ஆறு வாரம். குமட்டலும் தலைவலியுமோ முதல் வாரமே வந்துவிடும். இதை முதல் நாளே விளக்கிச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்க வாய்ப்புண்டு. வீட்டார் கூடவே இருக்க வேண்டிய காலம் அது. உடம்பும் மனசும் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையை விடக்கூடாது.

இதற்கு நடுவில் மருந்து வாங்கும் இடத்தில் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? மூன்று நான்கு நாளிலேயே தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற அதிர்வு எல்லாம் வரலாம். "பார், மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாய்" என்று வீட்டில் பேச்சு வேறு. அது அடிமைத்தனமே அல்ல. திடீரென்று நிறுத்தியதால் வருவது; மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். கையிருப்பில் இருக்கிறதே என்று மருத்துவரைக் கேட்காமல் வேறொரு மாத்திரையை மாற்றிக் கொடுப்பதும் ஆபத்து. 10 மி.கி. எஸ்சிட்டலோபிராமுக்கு 10 மி.கி. செர்ட்ராலின் ஈடாகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 18, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. 'எந்நேரமும்' என்பதுதான் அதில் உயிரான சொல். நிலை சீரானவர்களுக்கு 30 நாள் மாத்திரையை ஒரேயடியாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை வரச் சொன்னால் கூலி வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். இரண்டாம் மாதம் வருவதையே நிறுத்திவிடுகிறார்.

காப்பீட்டிலும் இதே கதைதான். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 21. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. மனச்சோர்வுக்கோ பெரும்பாலும் வெளிநோயாளர் சிகிச்சைதான். மருத்துவர் கட்டணம், ஆலோசனை, மாத்திரை எல்லாம் கைக்காசு. வெளிநோயாளர் செலவையும் சேர்க்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும்.

மாத்திரை இல்லையென்று திருப்பி அனுப்பினால், மருந்துச் சீட்டிலேயே தேதி போட்டு அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிவு 28இன்படி முதலில் அந்த மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவரிடம் புகார் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையம். இலவசச் சட்ட உதவி கேட்கவும் உரிமை உண்டு. இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி