முகவீணைக்காரருக்கும் பத்மஸ்ரீ கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்துக் கணினி மையம் நடத்துகிறேன். பட்டா, வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு நடுவே தெருக்கூத்துக் கலைஞர்களும் வருவார்கள். 2025-இல் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூத்தில் முகவீணை என்ற சிறிய ஊதுகுழல் வாசிக்கும் பெரியவர் ஒருவர், "இதுக்கு யாரும்மா எழுதிப் போடறது?" என்று கேட்டார்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம். தமக்குத் தாமே கூட விண்ணப்பிக்கலாம். இது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை. கலைஞரின் பணியை 800 சொற்களுக்குள் எழுதி இணையத்தில் பதிவேற்ற வேண்டும். 2026-ஆம் ஆண்டு விருதுக்கு 2025 மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை அவகாசம் தந்தார்கள். எங்கள் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதையைக் கூத்தாக ஆடுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிறவர் எப்போது உட்கார்ந்து படிவம் நிரப்புவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்ம விருதில் 'கலை' என்ற ஒரே பிரிவுக்குள் இசை, நாடகம், ஓவியம், சிற்பம் எல்லாம் வருகின்றன. கூத்துக்குள்ளும் அப்படித்தான் பல கலைகள் இருக்கின்றன. வேஷம் கட்டுகிறவர் பெயர் நோட்டீஸில் வரும். கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டி வண்ணம் தீட்டுகிறவர் பெயர் எதிலும் வராது. பாரதத்தின் கடைசியில் துரியோதனன் வீழ்வதை நடத்திக் காட்டும் படுகளத்துக்கு, அவன் உருவத்தை மண்ணில் பிரம்மாண்டமாகச் செய்கிறவரின் நிலைமை அதைவிட மோசம். பீமன் தொடையில் அடித்த அன்றைக்கே அந்த உருவத்தின் கதை முடிந்துவிடும். விண்ணப்பத்தில் காட்ட அவர் கையில் ஒரு போட்டோ கூட இருக்காது. இவர்களும் கலைஞர்கள்தான், விருதுக்குத் தகுதியானவர்கள்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கூத்து தொடங்குவதற்கு முன், தை மாதத்திலேயே பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம், பர்கூர் மாதிரி ஊர்களில் முகாம் போடுங்கள். கூத்து கற்றுத்தரும் வாத்தியார், கோமாளியாக வரும் கட்டியங்காரன், பின்பாட்டுக்காரர், கிரீடம், புஜக்கட்டை செய்பவர் எல்லோரையும் உட்கார வைத்து, யாரிடம் கற்றார்கள், எந்தெந்த ஊர்களில் ஆடினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இறந்த பிறகு இந்த விருதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. பெரியவர்கள் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.

படுகளத்தை செல்போனில் வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகள், உருவம் செய்தவரையும் அதன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, பெயரும் ஊரும் குறித்து வையுங்கள். கலைஞரைப் பற்றி யாராவது தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். தட்டச்சு செய்து பதிவேற்றும் வேலையை நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.