தேர்வுக் குழுவில் அமர்ந்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக விருதுக்கான தேர்வுக் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன். என்ன விருது, யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள்.

அமெரிக்காவில் ஜனவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள். 1986 முதல் தேசிய விடுமுறையாக இருந்த அந்த நாளை, மக்கள் தொண்டு செய்யும் நாளாகவும் ஆக்கியது 1994 ஆம் ஆண்டுச் சட்டம். அதையொட்டிப் பல பல்கலைக்கழகங்கள் சமூகத் தொண்டுக்கும் சமூக நீதிப் பணிக்கும் விருது வழங்குகின்றன. இங்கே மாணவர், ஆசிரியர், துப்புரவுப் பணியாளர் என யாரையும் பரிந்துரைக்கலாம். தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ள மட்டும் முடியாது. இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையாக உழைப்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பம் எழுத உட்காருவதில்லை.

பரிந்துரைகள் கைக்கு வந்ததும் நான் மணிக்கணக்கைத்தான் முதலில் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை தவறாமல் உணவு வங்கியில் பொட்டலம் கட்டிய மாணவர் ஒருவருக்கே என் முதல் மதிப்பெண். மற்றொரு மாணவியின் மணிக்கணக்கு அதில் பாதிகூட இல்லை. அவர் செய்ததைப் படித்தபின் என் கணக்கு தடுமாறியது.

குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963 இல் தீர்ப்பளித்தது. ஆனால் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்வது உரிமையியல் வழக்கு என்பதால், அதில் நாட்டின் பெரும்பகுதியில் அந்த உரிமை கிடையாது. நியூயார்க் நகரம்தான் 2017 இல் முதன்முதலாக அதற்கெனச் சட்டம் இயற்றியது. எங்கள் நகரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அறிவிப்பு புரியாமல் வழக்கு நாளன்று வராமல் போகிறவர், தன் பக்கத்தைச் சொல்லாமலேயே வீட்டை இழந்துவிடலாம். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கு அந்த அறிவிப்பைப் படித்துச் சொல்லி, வழக்குத் தேதியை நினைவூட்டி, நீதிமன்றத் தாழ்வாரத்தில் உடன் அமர்ந்திருப்பவர் இந்த மாணவி. அத்துடன் நிற்காமல், வாடகைதாரர்களையே நகர மன்றத்துக்கு அழைத்துச் சென்று, வழக்கறிஞர் உரிமை கேட்டுப் பேசவும் வைத்திருக்கிறார்.

குழுவில் நெடுநேரம் வாதம் நடந்தது. பொட்டலம் கட்டுவது சிறிய வேலை என்று ஒருவர் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பசித்தவருக்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்க நேரமில்லை. இருந்தாலும் இறுதியில் நான் மாணவிக்கே வாக்களித்தேன். விருதும் அவருக்கே போயிற்று.

செய்தியைத் தெரிவித்தபோது அவர் இரண்டு கேட்டார்: பாராட்டுரையில் வாடகைதாரர் சங்கத்தின் பெயரும் வர வேண்டும், பரிசுத் தொகை அந்தச் சங்கத்துக்கே போக வேண்டும். 1964 இல் நோபல் அமைதிப் பரிசாகக் கிடைத்த சுமார் 54,000 டாலரையும் கறுப்பின மக்களின் சம உரிமை இயக்கத்துக்கே தந்தவர் கிங். அவர் பெயரால் தரும் விருதில் இந்தக் கோரிக்கையை எப்படி மறுப்பது? உடனே ஏற்றுக்கொண்டோம்.

பாராட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நூறு சொற்களுக்குள் அந்தத் தாழ்வாரத்தையும் அங்கே காத்திருப்பவர்களையும் கொண்டுவர வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், அப்பா. நான்காவதைத் தமிழிலும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மிகையாக ஒரு சொல் தெரிந்தாலும் அடித்து அனுப்புங்கள்.

தங்கள் அன்பு மகள்